எங்கள் வீட்டு மூன்றாம் வளைவு

அரசாங்கம் எல்லோரையும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொன்ன இரண்டாவது வியாழக்கிழமை, பின்னேரம் ஏழரை மணிக்கு, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, எங்கள் முன்னறையின் ஒரு சுவருக்குள்ளால் நான்கு மோட்டார் சைக்கிள்கள் சரிந்துகொண்டு வந்து, சோபாவுக்கும் டீவிக்கும் நடுவில் திரும்பி, நல்லூர் முருகன் படம் மாட்டியிருந்த மற்றச் சுவருக்குள்ளால் வெளியே போயின. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தன, திரும்பப் போயின, இப்படி நாலு தரம். நான் கையில் தேத்தண்ணீரோடு நின்றேன். கோப்பை நிறையச் செம்மண். சுவரில் ஒரு கீறல் கிடையாது, முருகன் ஒருமுறை ஆடிவிட்டு நின்றார், ஆனால் தை மாதம் போட்ட வெண்ணெய் நிறக் கம்பளம் உழுத வயல் மாதிரிக் கிடந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோட்டார் சைக்கிள் வந்ததற்கு இல்லை, இவருடைய முகத்தைப் பார்த்துத்தான். இவர் என்றால் என் புருஷன் குணநாயகம். நாற்பத்தொரு வருடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வாய், இனியும் இவர் என்றுதான் சொல்லும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, வலது கையில் பேனாவும் இடது கையில் புரோகிராம் புத்தகமுமாக, ஜன்னலோரம் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் மண்.

"இஞ்சருங்கோ, இதென்ன கூத்து?" என்றேன்.

"சத்தம் போடாதை புவனம். ரெண்டாவதா வந்தது மஞ்சளோ வெள்ளையோ, பாத்தனியோ?"

"நான் என்ரை கார்ப்பெட்டைப் பாத்தன்."

"அதை நான் கூட்டுறன். இன்னும் பதினாலு ஹீட் இருக்கு" என்றார்.

ஸ்பீட்வே என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இருப்பீர்கள். நானும் தெரியாமல்தான் கழுத்தை நீட்டினேன். நாலு வளைவுள்ள நீள்வட்டமான செம்மண் ஓடுபாதை, நாலு பேர், நாலு சுற்று, எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்கு ஒரு ஹீட் என்று பெயர், ஒரு பின்னேரத்துக்குப் பதினைந்து ஹீட். மோட்டார் சைக்கிளுக்குக் கியர் ஒன்றுதான், பிரேக் கிடையவே கிடையாது. நிறுத்த வழியில்லாதபடியால் வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடது காலில் கட்டிய இரும்புச் செருப்பைத் தரையில் தேய்த்துத் திரும்ப வேண்டும், அந்தச் சக்கரம் வாரி இறைக்கிற மண் வேலிக்கு அப்பால் நிற்கிறவர்களின் தலையிலும் பியரிலும் விழும், அதை வாங்கிக்கொள்ளத்தான் அவர்கள் அங்கே போவது. நாங்கள் இருக்கிற ஊர் எல்ம்பரோ, இங்கிலீஷ்காரர் நாட்டில். எங்கள் அணிக்குக் குளவிகள் என்று பெயர். சிவப்புத் தொப்பியும் நீலத் தொப்பியும் எங்கள் ஆட்கள், வெள்ளையும் மஞ்சளும் வந்த ஆட்கள். புரோகிராம் புத்தகத்தில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு கட்டம் உண்டு. யார் முதல், யார் கடைசி என்று ஒவ்வொருவரும் தன் கையாலேயே, பென்சிலால் இல்லை பேனாவால், நிரப்ப வேண்டும். தான் பார்க்காததை எழுதுகிறவனை அவர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை.

நான் ஒரேயொரு முறை போனேன். கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறாவது கிழமை, எழுபத்தொன்பதாம் ஆண்டு, எங்கேயோ பெரிய இடத்துக்குக் கூட்டிப்போகிறார் என்று நினைத்து மாம்பழ நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். இவர் என்னை மூன்றாம் வளைவுக்குக் கொண்டுபோனார். காற்று எப்போதும் அந்தப் பக்கம்தான் அடிக்கும், அதனால் மண் முழுவதும் அங்கேதான் விழும், இவரைத் தவிர வேறொருவரும் அங்கே நிற்பதில்லை. முதல் ஹீட்டிலேயே நாலு பேரும் நேரே என் மூஞ்சிக்கு வந்தார்கள், நான் கண்ணை இறுக்கி மூடினேன், திறந்தபோது சேலை செங்கல் நிறம். அழுதுகொண்டு வெளியே போய் பஸ் தரிப்பில் இருந்தேன். இவர் வந்தார்தான், ஆனால் பதினைந்தாவது ஹீட் முடிந்த பிறகு வந்தார். அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன், ஒரு நாளும் கை நழுவ விடவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "உன்ரை இடம் அப்பிடியே இருக்கு, புவனம்" என்பார். நக்கல் அடிக்கிறார் என்று நினைத்துச் சோற்றைக் கொஞ்சம் ஆறவிட்டுப் போடுவேன்.

அங்கே ஆளாளுக்கு இடம் உண்டு. சீட்டு, இலக்கம் ஒன்றும் இல்லை, வருடக்கணக்காக நின்று நின்று வந்த இடம்தான். தொடக்கக் கோட்டில் டோரீன், எண்பத்திரண்டு வயது, ஒரு காலத்தில் புரோகிராம் விற்றவள். இரண்டாம் வளைவில் ரெஜ், ஓய்வுபெற்ற தபால்காரர். நாலாம் வளைவில் கீத், பேக்கரிக்காரன், ஆக இளையவன், அவனுக்கே அறுபத்தாறு. எல்லாமாகப் பத்தொன்பது பேர். போட்டிகள் எல்லாம் நிறுத்தப்பட்ட அந்த வசந்தத்தில் இந்தப் பத்தொன்பது பேரும் பத்தொன்பது வீட்டில் அடைந்து கிடந்தார்கள், அவர்கள் ஓடுபாதைக்குப் போக முடியாதபடியால் ஓடுபாதை அவர்களிடம் வந்தது. டோரீனுடைய குசினி வாசலில் ஏழரைக்கு, ஓட்டத்தைத் தொடக்கிவைக்கிற நாடா தானாக இழுபட்டு நிற்கும், தானாக மேலே எழும்பும், நாலு பேரும் அவளுடைய அடுப்பைத் தாண்டிப் பாய்வார்கள், அடுத்த நொடி முதலாம் வளைவுக்காரர் வீட்டில், அதற்கடுத்து ரெஜ்ஜின் படுக்கையறையில், பிறகு நேர்ப்பாதைக்காரர்களின் வீடுகளில், பிறகு எங்கள் முன்னறையில், பிறகு மூன்று மைல் தள்ளியிருக்கிற கீத்தின் மாடிவீட்டில், திரும்ப டோரீனிடம். நின்ற இடம் எதுவோ, அந்தத் துண்டுதான் அவரவர் வீட்டுக்குள் வரும். முழு ஹீட்டையும் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஆகவே தொலைபேசி. டோரீன் எல்லோரையும் ஒரே லைனில் பிடித்து வைத்துக்கொள்வாள், ஒவ்வொருவரும் தன் துண்டைக் கத்துவார், மற்றவர்கள் எழுதுவார்கள். இவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் வாயால் வரும்போது அது யாழ்ப்பாணப் பேச்சாகத்தான் வரும், எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. "மூண்டாம் வளைவு, ஆர் முன்னுக்கு?" என்று டோரீன் கேட்பாள். "சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை" என்று இவர் முழங்குவார். கட்டிலில் படுத்திருக்க வேண்டிய வயதில் இப்படிக் குரல் எங்கிருந்து வந்தது என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு.

மூன்றாவது வியாழனுக்குள் ஊர் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பத்தொன்பது வீட்டிலும் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓடும், பை நிறைந்த செம்மண்ணைத் தோட்டத்தில் கொட்டினால் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது, அதைக் கேள்விப்பட்ட அயலவர்கள் வாளியை வாசலில் வைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளிப்போய் நின்றார்கள். மோட்டார் சைக்கிள் புகையின், ஆமணக்கெண்ணெய் எரிந்த மாதிரி ஒரு வாசம் தெருவிலே தங்கிவிட்டது. அந்த மாதங்களில் வியாழன் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரருக்காக எல்லோரும் வாசலில் வந்து கைதட்டுவார்கள், சட்டி தட்டுவார்கள். அது சரியாக ஆறாவது ஹீட்டுக்கு வரும், அதனால் கீத் தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று ஜன்னலால் கையாட்டுவான். ஒரு போலீஸ்காரர்கூட வந்தார். வேறு வேறு வீட்டைச் சேர்ந்த நாலு பேர் எங்கள் வீட்டுக்குள் வந்துபோவதாக யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். இவர் ஜன்னலைத் திறந்து, அவர்கள் உள்ளே நிற்பதே இல்லை, ஒரு சுற்றுக்கு மூன்று நொடிதான், அதுவும் முகத்தை மூடித்தான் வருகிறார்கள் என்று விளக்கினார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். அடுத்த வியாழனும் வந்தார், வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார், போகும்போது யார் வென்றது என்று கேட்டார்.

ஓட்டக்காரர்களும் பழகித்தான் போனார்கள். குளவிகளின் தலைவன் கெவின் பார்ஸ்லி, முப்பத்துநாலு வயது, போட்டி இல்லாதபடியால் சாமான் வண்டி ஓட்டி வீடு வீடாக அரிசியும் கக்கூஸ் கடுதாசியும் போட்டுக்கொண்டிருந்தான். வியாழன் ஏழரைக்குச் சோபாவில் படுத்திருந்தாலும் சரி, கட்டில் காலைக் கட்டிப்பிடித்திருந்தாலும் சரி, வலது கை தானாகத் திருகத் தொடங்கும், கண் மூடித் திறப்பதற்குள் டோரீனின் குசினியில் இருப்பான். ஹீட் முடிந்ததும் திரும்பத் தன் சோபாவில், வாய் நிறைய மண்ணோடு. எதிரணிக்காரர்களில் இரண்டு பேர் போலந்தில் தங்கள் தாய் வீட்டிலிருந்து வந்துபோனார்கள் என்று கேள்வி.

இனித்தான் அவர்கள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். வேறு ஆட்களாக இருந்தால் அது நடந்திராது.

இந்த ஸ்பீட்வேக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செத்துப்போனால் அவருடைய மழைக்கோட்டை அவர் நின்ற இடத்து வேலியில் கொழுவிவிடுவார்கள். ஒரு சீசன் முழுவதும் அந்த இடத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது, எவ்வளவு நெரிசல் என்றாலும் விலகித்தான் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய மரியாதை அவர்களுக்குத் தெரியாது. சித்திரை வருடப் பிறப்பன்று ரெஜ் போய்விட்டார், அந்தக் காய்ச்சல்தான், நாலே நாள். தொலைபேசியில் எல்லோரும் அழுதார்கள், இவரும் அழுதார். ரெஜ்ஜின் மகன் கோட்டைப் படுக்கையறைக் கதவில் கொழுவிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான். வழக்கப்படி இடம் காலி, சரிதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்போது ஒவ்வொருவருடைய இடமும் ஓடுபாதையின் ஒரு துண்டு, ஆள் போனால் அந்தத் துண்டும் போய்விடும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த வியாழன் முதல் ஹீட்டில் கெவின் முன்னால் போனான். முதலாம் வளைவுக்காரர் "சிவப்பு" என்று கத்தினார், பிறகு ரெஜ்ஜின் துண்டில் அமைதி, பிறகு நேர்ப்பாதைக்காரி ஒருத்தி, "மூண்டு" என்றாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொன்னாள். "மூண்டு பேர்தான் வந்தவை."

எங்கள் முன்னறைக்குள்ளும் மூன்று பேர்தான் வந்தார்கள். இவருடைய பேனா கீழே விழுந்தது. அத்தனை வருடத்தில் இவர் பேனாவைக் கீழே விட்டதை நான் கண்டதில்லை. அரை மணி கழித்து டோரீன் சொன்னாள்: கெவின் தன் வீட்டுச் சோபாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறானாம், காறை எலும்பு இரண்டு துண்டாம், எங்கேயோ ஒன்றுமில்லாத இடத்துக்குள் ஓடியதாகச் சொல்கிறானாம், கீழே தரையே இல்லையாம்.

மோட்டார் சைக்கிள் சுவரால் வந்தபோது அதிராத ஆட்கள், தங்கள் மரியாதையே ஒருவனை முறித்துப்போட்டது என்றதும் ஆடிப்போனார்கள். பிறகு கீத், ரெஜ்ஜுக்கு இந்தப் பக்கம் நின்றவரும் அந்தப் பக்கம் நின்றவரும் ஆளுக்கு ஓரடி நகர்ந்து நிற்கட்டும் என்றான். வீட்டுக்குள் கட்டிலை ஓரடி தள்ளிப்போட்டு நின்றார்கள். இடைவெளி மூடியது, அடுத்த கிழமை கெவினுக்குப் பதிலாக ஓடியவனோடு நாலு பேரும் வந்தார்கள், ஓடுபாதை இரண்டடி சுருங்கியதோடு போயிற்று.

இவருக்குக் காய்ச்சல் வந்தது வைகாசி தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பு. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பால் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், வந்த கடிதத்தை மூன்று நாள் வெயிலில் வைத்தேன். ஆம்புலன்ஸ்காரர் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்கள், என்னை வாசற்படியோடு நிற்கச் சொன்னார்கள். இவர் கதவைத் தாண்டும்போது திரும்பி, "வியாழனுக்கு நீ முன்னறையிலை நில்லாதை, விலகி நில்" என்றார்.

வியாழன் வந்தது, நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், முன்னறைக்குள் ஒருவரும் வரவில்லை. ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தேன். நாலு பேரும் தன்னிடம் வந்துவிட்டார்கள் என்று கீத் சொன்னான். எந்த வழியால் வந்தார்கள் என்றுதான் தெரியவில்லை. எட்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஷைனி என்ற நர்ஸ் அழைத்தாள், கேரளத்துப் பிள்ளை, தமிழ் தெரியும்.

"ஆன்ட்டி, அங்கிளோட பெட்ஷீட் எல்லாம் செம்மண். மூணு தடவை மாத்திட்டேன், மறுபடியும் வருது. மாஸ்க்கைப் போட்டுக்கிட்டே எழுந்து உக்காந்து விரலால ஏதோ காட்டறார். சிவப்பு, வெள்ளைன்னு சொல்றார். இங்க யாருமே சிவப்பு போடலையே ஆன்ட்டி?"

"கண் திறந்திருக்கோ?" என்று கேட்டேன்.

"நல்லாத் திறந்திருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வளைவு வீட்டோடு இல்லை, இவரோடு. இவர் கண்ணைத் திறந்துகொண்டு நின்றால், ஏன், இருந்தாலே போதும், பூமி அந்த இடத்தில் வளைந்து கொடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஷைனி ஒரு தட்டுக் கணினியைப் பிடித்து இவர் முகத்தைக் காட்டினாள். மூச்சுக்குக் குழாய் போடப்போகிறார்கள், அதற்கு முன் இரண்டு நிமிடம். நாற்பத்தொரு வருடத்தில் பேசாமல் விட்டதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் எப்படிப் பேசுவது? இவர் முகமூடியை விலக்கி, "புவனம், உன்ரை இடம்..." என்று தொடங்கினார்.

"அந்தப் பழங்கதையை விடுங்கோ இப்ப, முதல் மூச்சை எடுங்கோ" என்று நான் வெட்டினேன். ஷைனி முகமூடியைத் திரும்பப் போட்டாள். செவ்வாய்க்கிழமை விடிய ஆறு மணிக்கு இவர் போய்விட்டார். நான் பேச்சை வெட்டியது எனக்கு இப்போதும் நெஞ்சில் நிற்கிறது.

அழக்கூட ஆளில்லை. மகள் மெல்பேர்னில் இருந்து திரையில் அழுதாள், நான் திரையைத் தடவினேன். உடம்பைத் தர இரண்டு கிழமையாகும் என்றார்கள். புதன்கிழமை பின்னேரம் டோரீனும் கீத்தும் ஒரே லைனில் வந்தார்கள். ஆறுதல் சொன்னார்கள்.

"நாளைக்கு வியாழன்" என்றாள் டோரீன் கடைசியில். "நாடாவை நான் மறிச்சுப் பாத்தன் புவனம், கதிரையை வைச்சுக் கட்டிப் பாத்தன். அது எழும்பும். முதல் ஹீட்டிலை கெவின் இருக்கிறான், தோளிலை தகடு வைச்சு வாறான்."

"நீங்கள் ஓரடி ஓரடியா நகருங்கோவன்" என்றேன்.

"ஓரடி எண்டால் நகரலாம்" என்றான் கீத். "இது முழு வளைவு. அங்கை குணாவைத் தவிர ஒருத்தரும் நிக்கேல்லை. வேகத்தோடை நேரை போய் ஒண்டுமில்லாததுக்குள்ளை விழுவினம். இந்தமுறை காறை எலும்போடை நிக்காது. கழுத்துத்தான்."

"அப்ப ஆரையாவது நிக்கச் சொல்லுங்கோ."

"செத்தவற்றை இடத்திலை நிண்டால் அந்த இடம் ஆளைத் தாங்காது. நான் நேற்று ரெஜ்ஜின்ரை மகனிட்டைத் திறப்பு வாங்கி வீட்டுக்குள்ளை போய், அவர் நிக்கிற இடத்திலை நிண்டு பாத்தன். கால் தரையிலை படவேயில்லை" என்றான் கீத். "அதுதான் உங்களைக் கேக்கிறம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "ரெஜ்ஜின்ரை இடம் உங்களைத் தாங்கேல்லை, இவற்றை இடம் என்னை மட்டும் தாங்குமோ? ஒரே ஒருநாள், ஒரே ஒரு ஹீட், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான் நான்."

"குணாவின்ரை இடத்திலை இல்லை" என்றாள் டோரீன். "உங்கடை இடத்திலை."

"எனக்கு எங்கை இடம்?"

"அவருக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி" என்றான் கீத். "அதிலை ஃபிளாஸ்கை வைப்பார். ஆரும் கிட்ட வந்தால், மன்னிக்கவேணும், இது என்ரை மனிசியின்ரை இடம் எண்டுவார். பெரிய இறுதிப் போட்டிக்கு நாலாயிரம் சனம் வந்த நாளிலையும் விடேல்லை. இவருக்கு உண்மையிலை மனிசி இருக்கோ எண்டே கனகாலம் நாங்கள் சந்தேகப்பட்டம்."

"செத்தவைக்கே நாங்கள் ஒரு சீசன்தான் விடுறது" என்றாள் டோரீன். "அவர் உங்களுக்கு நாப்பத்தொண்டு விட்டவர்."

தொலைபேசியை வைத்தேனா, அது தானாக விழுந்ததா தெரியாது. இவர் செத்த செய்தி வந்தபோதுகூட நான் அப்படி அதிரவில்லை. உன்ரை இடம் அப்பிடியே இருக்கு, உன்ரை இடம் அப்பிடியே இருக்கு என்று சப்பாத்துக் கழற்றிய ஒவ்வொரு வியாழனும் அந்த மனிதன் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நான் சோற்றை ஆறவிட்டிருக்கிறேன். எழும்பி முன்னறைக்குப் போனேன். வீட்டுக்குள் ஓட்டம் வரத் தொடங்கியதிலிருந்து இவர் கம்பளத்தில் ஃபிளாஸ்கை வைப்பார். வீட்டுக்குள்ளே எதற்கு ஃபிளாஸ்க், குசினி இரண்டு எட்டில் இருக்கிறதே என்று எத்தனை தரம் ஏசினேன், இரண்டு முறை தடுக்கியும் விழப்பார்த்தேன். அந்தக் கம்பளத்தில் ஜன்னலோரத்திலிருந்து ஒரு முழம் இடப்பக்கமாக, எவ்வளவு கூட்டியும் போகாத செம்மண் கறைக்கு நடுவில், ஃபிளாஸ்க் அடியளவுக்கு ஒரு வட்டம் வெண்ணெய் நிறமாகவே இருந்தது.

வியாழன் ஏழு மணிக்கு முகம் கழுவி, வீட்டுச் சேலையோடு, காது மறைய ஒரு கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். இவருடைய மழைக்கோட்டைக் கதிரைச் சாய்மணையில் கொழுவி, கதிரையை ஜன்னலோரம் இவர் நின்ற இடத்தில் வைத்தேன். இவர் அடுக்கி வைத்திருந்த நிரப்பாத புரோகிராம் புத்தகங்களில் ஒன்றையும் பேனாவையும் எடுத்தேன். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு முருகனுக்குக் கீழே வைத்தேன். பிறகு போய் அந்த வட்டத்தில் காலை வைத்தேன். இரண்டு காலும் கொள்ளாது, ஒரு குதிகால்தான் கொண்டது, தரை இறுக்கமாக இருந்தது.

"புவனம், நிக்கிறியளோ?"

"நிக்கிறன்."

"கண்ணை மட்டும் மூடாதையுங்கோ" என்றான் கீத். "அவங்கள் நேரை உங்களுக்குத்தான் வருவாங்கள். பயப்பிடலாம், கத்தலாம், கண்ணை மூடாதையுங்கோ."

"நாடா எழும்பிட்டுது!" என்றாள் டோரீன்.

முதலாம் வளைவுக்காரர் கத்தினார், நேர்ப்பாதைக்காரி கத்தினாள், அதற்குள் சுவர் முழங்கியது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன் கண்ட அதே நாலு சக்கரம், அதே வேகம், நேரே என் மூஞ்சிக்கு. முன்னால் சிவப்பு. கெவினுடைய கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய கண் எனக்குத் தெரிந்தது, அவன் இவரைத் தேடினான், காணவில்லை, அவன் கண் பெரிதாகியது. பிரேக் இல்லாத வண்டியில் ஒருவன் பயப்படுவதை நான் ஒரு கை தூரத்தில் பார்த்தேன். என் இமை தானாக இறங்கியது. முருகா என்று கத்திக்கொண்டு திறந்தேன். அவன் என்னைக் கண்டான். இடது கால் தரையில் இறங்கியது, பின்சக்கரம் விலகியது, கம்பளத்துக்குக் கீழே பூமி வளைந்து கொடுத்தது என் குதிகாலுக்குத் தெரிந்தது, மண் என் வாயிலும் மூக்கிலும் தலையிலும் வாரி அடித்தது, நாலு பேரும் என்னைச் சுற்றிப்போனார்கள்.

"நாலு!" என்று கத்தினான் கீத். "நாலு பேரும் வந்திட்டினம்! நாலு!"

அப்படி இன்னும் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தினேன், ஒரு சுற்றுக்கும் மூடவில்லை. கடைசியில் சத்தம் அடங்கியது, முருகன் ஆடி நின்றார், தொலைபேசியில் பதினேழு பேர் மூச்சு வாங்குவது கேட்டது.

"மூண்டாம் வளைவு" என்றாள் டோரீன். "மூண்டாம் வளைவு, கடைசிச் சுற்றிலை ஆர் முன்னுக்கு?"

"சிவப்பு" என்றேன். "சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள்."

பேனாவால் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று, ஆனால் பார்த்ததைத்தான் எழுதினேன். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பினேன். கதிரையில் மழைக்கோட்டின் தோளெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. ஒருவரும் கிட்டப் போகவில்லை, நான்கூட ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன்.

"இஞ்சருங்கோ" என்றேன், "உங்கடை இடம் அப்பிடியே இருக்கு."

இன்னும் பதினாலு ஹீட் இருந்தது.